முதுகுவலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்கள் முதுகைக் காட்டுவதற்கு முன்பே சந்தேகங்களைக் கொட்டிவிடுகிறார்கள். ஆளும் வயதும் தொழிலும் மாறுகின்றன; கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் கீழ்முதுகு வலியைப் பற்றியவை. மூன்றாவது கேள்வியை மட்டும் யாரும் தாண்டிப் போய்விட வேண்டாம்.

முதுகு வலிக்கிறது என்றால் உள்ளே எதுதான் வலிக்கிறது? எலும்பா, நரம்பா, தசையா?

எதுவாகவும் இருக்கலாம். முதுகெலும்புத் தொடரில் அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. அவற்றுக்கு இடையே 23 டிஸ்க்குகள். ஒவ்வொரு டிஸ்க்கும் வெளியே கெட்டியான நார் வளையமும் நடுவில் நீர் நிறைந்த கூழும் கொண்டது. பின்புறம் இரண்டிரண்டாகச் சிறு மூட்டுகள், எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும் நார்ப்பிணைப்புகள், அடுக்கடுக்காகத் தசைகள், பக்கவாட்டில் வெளியேறும் நரம்பு வேர்கள். இவற்றில் எது நொந்தாலும் சுற்றியுள்ள தசைகள் இறுகிக்கொள்ளும். வலி பரந்து தெரியும். அதனால் 'இங்கேதான்' என்று கை வைத்துக் காட்டும் இடமே மூலம் என்று சொல்லிவிட முடியாது.

கீழ்முதுகு வலியோடு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன பாகம் என்று உறுதியாகக் காட்ட முடிவதில்லை. 'காரணமே தெரியவில்லையா?' என்று பலர் மனம் தளர்கிறார்கள். ஆனால் இது நல்ல செய்தி. எலும்பு முறிவு, கிருமித் தொற்று, புற்றுநோய், நரம்பு நசுங்கல் போன்றவற்றுக்கான அடையாளம் எதுவும் இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

திடீரென்று பிடித்துக்கொண்டது. எத்தனை நாளில் சரியாகும்?

பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டு வாரங்களிலேயே வலி கணிசமாகத் தணிந்துவிடும். ஆறு வாரத்துக்குள் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிடுவார்கள். குறைவது நேர்கோட்டில் நடக்காது. நான்கு நாள் நன்றாக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் மறுபடி பிடிக்கும். அந்த ஐந்தாம் நாளில் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறவர்களுக்குத்தான் அதிக நாள் இழுக்கிறது. பன்னிரண்டு வாரத்தைத் தாண்டினால் அதை நாட்பட்ட வலி என்பார்கள். அதைப் பற்றிப் பின்னால் தனிக் கேள்வியே இருக்கிறது.

எந்த மாதிரி வலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

முதலில், மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நிலை. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது அறியாமலே கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள பகுதியும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் ஒருசேரப் பலவீனமாவது. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே கொத்தாக இறங்கும் நரம்புகள் நசுங்கும்போது இப்படி ஆகும். இது அவசர அறுவை சிகிச்சைக்குரியது. தாமதமானால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு திரும்பாமலே போகக்கூடும். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இரவைக் கடத்தாதீர்கள். கூச்சப்பட்டு மறைக்கவும் வேண்டாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அடுத்து, தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டியவை: காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமின்றி எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, விழுந்தோ விபத்திலோ வந்த வலி, எலும்பு மெலிந்த முதியவருக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவருக்கும் லேசான அதிர்ச்சிக்குப் பின் வரும் கடும் வலி, எப்படிப் படுத்தாலும் தணியாமல் இரவெல்லாம் குடையும் வலி, பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபடுவது. காசநோய் முதுகெலும்பையும் தாக்கும் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. மாலைக் காய்ச்சலும் எடை இழப்பும் மாறாத முதுகுவலியும் சேர்ந்தால் அதையும் சோதித்தாக வேண்டும். சிறுநீரகக் கல்லும், வயிற்றுப் பெருந்தமனி வீங்குவதும்கூட முதுகுவலியாகத் தோன்றலாம். இப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவராக நீங்கள் இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதிதானே?

மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இருந்தால் ஸ்கேன் கட்டாயம். அறுவை சிகிச்சையையோ ஊசியையோ பற்றி யோசிக்கும்போதும் தேவை. மற்றபடி, புதிதாக வந்த வலிக்கு முதல் ஆறு வாரத்தில் எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை, குணமும் விரைவதில்லை. நிம்மதியும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஏன் என்பதற்கு அடுத்த கேள்வியே பதில்.

ஸ்கேன் அறிக்கையில் 'எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ்', 'தேய்மானம்' என்றெல்லாம் எழுதியிருக்கிறது. என் முதுகு கெட்டுப்போய்விட்டதா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது முகங்களில் தெரியும் பயம் என்னை ஒவ்வொரு முறையும் வருத்துகிறது. அறிக்கையைப் படித்த நாளிலிருந்து குனிவதை நிறுத்திவிட்டவர்கள், குழந்தையைத் தூக்காதவர்கள், வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வலியைவிட அந்தத் தாள்தான் அதிகத் தீங்கு செய்திருக்கிறது.

முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 30 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கம் (அறிக்கை 'பல்ஜ்' என்பது இதைத்தான்) இருந்தது. ஐம்பது வயதில் தேய்மானம் 80 விழுக்காடு, பிதுக்கம் 60 விழுக்காடு. எண்பது வயதில் தேய்மானம் 96 விழுக்காடு. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். தலைமுடி நரைப்பதைப்போல் முதுகெலும்புக்கும் வயதின் அடையாளங்கள் உண்டு; அவற்றில் பெரும்பகுதி வலிப்பதில்லை.

அப்படியென்றால் ஸ்கேன் பொய் சொல்கிறதா? இல்லை. உங்கள் வலி எந்தப் பக்கம், காலில் எந்தக் கோட்டில் இறங்குகிறது, எந்தத் தசை பலவீனம் என்ற விவரங்களோடு அறிக்கை பொருந்தும்போதுதான் அதற்கு மதிப்பு. வலது கால் வலிக்கிற ஒருவரின் ஸ்கேனில் இடப்பக்கப் பிதுக்கம் தெரிந்தால், அந்தப் பிதுக்கம் அவருடைய வலிக்குப் பொறுப்பல்ல. அறிக்கையோடு வருகிறவரைத் தொட்டு, நடக்கவைத்து, காலைத் தூக்கவைத்துப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்து முடிவு சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எனக்கு டிஸ்க் விலகிவிட்டதாம். அதை மறுபடி உள்ளே தள்ளி உட்காரவைக்க முடியுமா?

டிஸ்க் தன் இடத்தைவிட்டு நழுவுவதில்லை. மேலும் கீழுமுள்ள எலும்புகளோடு அது உறுதியாகப் பிணைந்திருக்கிறது. நார் வளையத்தில் விரிசல் விழுந்து, உள்ளிருக்கும் கூழின் ஒரு பகுதி வெளியே பிதுங்குகிறது, அவ்வளவுதான். ஆகவே கையால் அழுத்தித் திரும்ப உட்காரவைக்கவும் முடியாது.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. பிதுங்கிய பகுதியை உடலே அந்நியப் பொருளாகக் கருதி, நோய் எதிர்ப்பு அணுக்களை அனுப்பிச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சில மாதங்களில் பிதுக்கம் சுருங்கிவிடுகிறது அல்லது மறைந்துவிடுகிறது. பெரிதாகப் பிதுங்கித் துண்டாகிவிட்டவை சிறு பிதுக்கங்களைவிட நன்றாகவே கரைகின்றன. ஸ்கேனில் பயங்கரமாகத் தெரிவது நெடுநாள் நீடிக்கும் என்று எண்ண வேண்டியதில்லை.

வலி முதுகில் குறைவு; காலில்தான் மின்சாரம் பாய்வதுபோல் இறங்குகிறது. இது என்ன?

சயாட்டிகா என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். கீழ்முதுகில் ஒரு நரம்பு வேர் அழுத்தத்துக்கோ அழற்சிக்கோ ஆளாகும்போது, அந்த நரம்பு போகும் வழியெல்லாம் வலி தெரிகிறது: பிட்டம், தொடையின் பின்புறம், கெண்டைக்கால், பாதம் வரை. இருமினால், தும்மினால் சுரீரென்று கூடும். டிஸ்க் பிதுக்கத்தால் வருவதில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் நேர்கின்றன. அறிக்கைகளில் எல்4–எல்5, எல்5–எஸ்1 என்ற எழுத்துகள் (எந்த இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் என்பதைக் காட்டுபவை) திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

சாதாரண முதுகுவலியைவிட இது ஆறுவதற்கு நாள் பிடிக்கும். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் நன்றாகக் குறைகிறது. பாதத்தில் இருந்த வலி முழங்காலுக்கும், பிறகு பிட்டத்துக்கும் ஏறிச் சுருங்கினால் நல்ல அறிகுறி. முதுகில் அப்போது கொஞ்சம் கூடினாலும் கவலை வேண்டாம். மாறாக, வலி குறைந்து பலவீனமோ மரத்துப்போதலோ கூடினால் மூன்றாவது கேள்விக்குத் திரும்புங்கள்.

படுத்தே ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். எத்தனை நாள் படுக்க வேண்டும்?

எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு. கடும் வலியில் ஓரிரு நாள், அதுவும் இடையிடையே எழுந்து நடந்துகொண்டு. வாரக்கணக்கில் படுக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 1986இல் அமெரிக்காவில் இரண்டு நாள் ஓய்வையும் ஏழு நாள் ஓய்வையும் ஒப்பிட்டார்கள். வலியில் வித்தியாசம் இல்லை. இரண்டு நாள் குழுவினர் இழந்த வேலை நாட்கள் மட்டும் 45 விழுக்காடு குறைவு. 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் செய்த ஆய்வில், படுத்தவர்களையும் அந்த நேரத்தில் முதுகுப் பயிற்சி செய்தவர்களையும்விட, வலி அனுமதித்த அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவாகத் தேறினார்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல் தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியாகவே இதைச் சொன்னார்கள்: முதுகுவலி என்று படுத்துவிடாதீர்கள், நடமாடுங்கள் என்று. பொதுமக்களின் எண்ணம் மட்டுமா, மருத்துவர்களின் எண்ணமும் மாறியது. அறிவுரையும் ஒரு மருந்துதான் என்று நான் நம்புவதற்கு அந்த முயற்சி ஒரு காரணம்.

வெறும் தரையில் படுத்தால் நல்லதா?

அவசியமில்லை. 2003இல் ஸ்பெயினில் நாட்பட்ட முதுகுவலி உள்ள 313 பேருக்குக் கெட்டி மெத்தையும் நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். நடுத்தர மெத்தைக்காரர்களே நன்றாக இருந்தார்கள். தரையில் படுத்தால்தான் சுகம் என்றால் தாராளமாகப் படுங்கள். ஆனால் தரையிலிருந்து எழுவதே போராட்டமாக இருக்கும் நாட்களில் அது எதற்கு? பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பதும், மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் வைப்பதும் பலருக்கு இதமாக இருக்கின்றன.

வெந்நீர் ஒத்தடமா, ஐஸா?

வெப்பத்துக்குத்தான் ஓரளவு சான்று உண்டு. எது இதமோ அதைப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். தோல் மரத்துப்போன இடத்தில் சூடு வைக்காதீர்கள், வெந்துபோனாலும் தெரியாது.

வலி மாத்திரை போடலாமா? பழகிவிடாதா?

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் போன்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள் ஓரளவு உதவுகின்றன. குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, மருத்துவர் சொன்னபடி. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவது, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது. பாராசிட்டமால் பாதுகாப்பானது என்று எல்லோரும் முதலில் எடுப்பது. ஆனால் 2014இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், திடீர் முதுகுவலியோடு வந்த 1652 பேரைக் குழுக்களாகப் பிரித்துப் பார்த்தபோது, அதை எடுத்தவர்கள் மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட விரைவாகத் தேறவில்லை.

பழகிப்போகும் ஆபத்து உண்மையில் இருப்பது அபின் வகை வலி மருந்துகளில். 2023இல் வந்த மற்றோர் ஆஸ்திரேலிய ஆய்வு, திடீர் முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் அவை வெற்று மாத்திரையைவிட மேலல்ல என்று காட்டியது. பயன் இல்லாததற்கு அடிமையாகும் அபாயத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? காலுக்கு இறங்கும் வலிக்குப் பலருக்கும் எழுதப்படும் பிரிகாபலின் 2017இல் வெளியான ஆய்வில் சயாட்டிகாவைக் குறைக்கவில்லை; தலைசுற்றலைத்தான் கூட்டியது. ஏற்கெனவே இவற்றை எடுத்துவருகிறவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷன், கரண்ட் வைப்பது – இவையெல்லாம் உதவுமா?

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பெல்ட், டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோல்வழி மின்தூண்டல் ஆகியவற்றை வழக்கமாகத் தரவேண்டாம் என்றே அதில் சொல்லியிருக்கிறது. எலும்பு முறிவு போன்ற குறிப்பிட்ட நிலைகளில் பெல்ட்டுக்கு வேறு வேலை உண்டு, அது தனி.

என் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது: தினமும் வரவழைத்து, படுக்கவைத்து, இயந்திரத்தைப் பொருத்திவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போவது முதுகுவலிக்குப் போதுமான பிசியோதெரபி அல்ல. உங்களை எழுப்பி, எந்த அசைவு வலிக்கிறது, எது வலிக்கவில்லை என்று பார்த்து, வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லித்தருகிறவரைத் தேடுங்கள்.

மசாஜ் செய்தால் சுகமாக இருக்கிறது. எலும்பைச் சொடுக்கிவிடுகிறவரிடமும் போகலாமா?

மசாஜ் தசை இறுக்கத்தைத் தளர்த்தி, சில நாட்களுக்கு இதம் தரும். அந்த இதமான நாட்களில் நடக்கவும் பயிற்சி செய்யவும் தொடங்கினால் அதன் பயன் இரட்டிப்பு. வாரம்தோறும் மசாஜ் மேசையில் படுப்பதோடு நின்றுவிட்டால் வலி திரும்பி வரும்.

முதுகெலும்பைச் சட்டென்று திருகிச் சொடுக்கும்போது வரும் சத்தம், மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உருவாகும் சத்தம். விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முறையாகப் பயின்றவர் செய்யும் கைமுறை சிகிச்சை சிலருக்குச் சிறிதளவு பயன் தருகிறது. மேலே சொன்ன வழிகாட்டுதலும் அதை ஏற்கிறது. ஆனால் எலும்பு மெலிந்தவர்கள், காலில் பலவீனமோ மரத்துப்போதலோ கூடிக்கொண்டே வருகிறவர்கள், மூன்றாவது கேள்வியில் சொன்ன அறிகுறி ஏதாவது உள்ளவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது. முதுகில் ஏறி மிதிக்கவைப்பதும் வேண்டாம்.

அக்குபங்சரில் பலருக்குக் குணமாகிறதே?

2009இல் அமெரிக்காவில் 638 பேரிடம் செய்த ஆய்வு ஒன்றில் சிலருக்கு உண்மையான ஊசியும், சிலருக்கு ஊசிபோல் தோன்றும்படி பற்குச்சியால் தொடுவதும் செய்யப்பட்டன. இரு தரப்பினருமே வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். இரு தரப்புக்கும் இடையே வித்தியாசம் இல்லை. ஊசி குத்தும் இடத்தைவிட, கவனிப்பும் தொடுதலும் எதிர்பார்ப்பும்தான் அதிகம் வேலை செய்கின்றன என்று நான் புரிந்துகொள்கிறேன். சுத்தமான ஊசியோடு பயின்றவர் செய்தால் பெரிய தீங்கு இல்லை. முயன்று பார்க்க விரும்புகிறவரை நான் தடுப்பதில்லை.

எந்த உடற்பயிற்சி முதுகுக்கு மிக நல்லது?

நீங்கள் விடாமல் செய்யப்போவது எதுவோ அது. நடை, நீச்சல், யோகாசனம், தசை வலுப்படுத்தும் பயிற்சி என ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் இவற்றுக்கு இடையேயான வேறுபாடு சிறிது. செய்கிறவருக்கும் செய்யாதவருக்கும் இடையேயான வேறுபாடுதான் கவனிக்கத்தக்கது. குறைவாகத் தொடங்குங்கள். பத்து நிமிட நடை எளிதாக இருந்தால் அடுத்த வாரம் பன்னிரண்டு. நல்ல நாளில் மிகையாகச் செய்து மறுநாள் படுத்துவிடுவதைவிட, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவாகச் செய்வது மேல்.

பயிற்சி செய்யும்போதே வலிக்கிறது. உள்ளே ஏதாவது கிழிந்துவிடுமோ?

வலி வேறு, சேதம் வேறு. வாரக்கணக்கில் வலித்த முதுகில் நரம்புகள் கூருணர்வு பெற்றுவிடுகின்றன. ஆபத்தில்லாத அசைவுக்கும் எச்சரிக்கை மணி அடிக்கின்றன. பயிற்சியின்போது தாங்கக்கூடிய அளவு கூடி, அன்றோ மறுநாளோ பழைய நிலைக்குத் தணிந்துவிட்டால் தொடரலாம். மறுநாள் முழுக்கக் கூடுதலாகவே இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்; கைவிட வேண்டாம். கால்வலி கீழ்நோக்கி நீண்டாலோ பலவீனம் தெரிந்தாலோ மட்டும் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

நாள் முழுக்க நாற்காலியில் வேலை. எப்படி உட்கார்ந்தால் வலி வராது?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சரியான நிலை கிடையாது. நிமிர்ந்து விறைப்பாக மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் வலிக்கத்தான் செய்யும். அரை மணிக்கு ஒருமுறை எழுவது, தொலைபேசியில் பேசும்போது நடப்பது, சாய்ந்தும் முன்னகர்ந்தும் நிலையை மாற்றிக்கொண்டே இருப்பது ஆகியவை விலை உயர்ந்த நாற்காலியைவிட அதிகம் உதவும்.

குனிந்து பாரம் தூக்கவே கூடாது என்றார்களே. வாழ்நாள் முழுக்கவா?

இல்லவே இல்லை. முதுகெலும்பு குனிவதற்கும் சுமப்பதற்கும் உருவானது. கடும் வலி இருக்கும் வாரங்களில் பாரத்தைக் குறைத்து, பொருளை உடலோடு ஒட்டிப் பிடித்து, முழங்காலையும் மடக்கித் தூக்குங்கள். பிறகு மெல்ல மெல்லப் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும்; திரும்பாவிட்டால் தசைகள் மெலிந்து சிறு பாரமும் பெரிதாகத் தெரியும்.

ஒரு சிறு குறிப்பு. இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாகவே இருக்கிறோம். அப்போது குனிந்தால் டிஸ்க்கில் அழுத்தம் அதிகம். காலையில் வலி கூடுகிறவர்கள் எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழக் குனியும் வேலைகளைத் தள்ளிவைத்துப் பாருங்கள்.

எனக்கு வயது 26. ஓய்வெடுத்தால் கூடுகிறது, நடமாடினால் குறைகிறது. இது தலைகீழாக இருக்கிறதே?

கேட்டது நல்லது. நாற்பத்தைந்து வயதுக்கு முன் மெல்லத் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பாக இருந்து, அசைந்தால் தணிந்து, இரவின் பிற்பகுதியில் எழுப்பிவிடும் வலி என்றால் அது முதுகெலும்பு அழற்சி வாதமாக இருக்கலாம். கண் சிவந்து வலிப்பது, சொரியாசிஸ், குடல் அழற்சி ஆகியவையும் உடன் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சாதாரண முதுகுவலி என்றே பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு, முதுகு வளைந்து இறுகியபின் வருகிறவர்கள் உண்டு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் நல்ல மருந்துகள் இருக்கின்றன. மூட்டு வாத மருத்துவரைப் பாருங்கள்.

அப்பாவுக்கு எழுபது வயது. கொஞ்சம் நடந்ததும் இரு கால்களும் கனக்கின்றன, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. இதுவும் முதுகுதானா?

இருக்கலாம். வயதாகும்போது தண்டுவடக் குழாய் குறுகி நரம்புகளுக்கு இடம் போதாமல் போவதன் அடையாளம் அது. முன்னால் சாய்ந்தால் குழாய் சற்று விரிகிறது. அதனால்தான் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடக்கும்போதும், சைக்கிள் மிதிக்கும்போதும் இவர்களுக்குத் தொல்லை குறைவு. நின்றாலே, குனியாமலே வலி போய்விடுகிறது என்றால் காலின் இரத்தக் குழாய் அடைப்பையும் சோதிக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சிகிச்சையோ முற்றிலும் வேறு.

முதுகில் ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

காலுக்கு இறங்கும் நரம்பு வலி தாங்க முடியாமல் இருந்தால் சில வாரங்களுக்கு ஓரளவு தணிவு கிடைக்கலாம். கால்வலி இல்லாத வெறும் முதுகுவலிக்கு அந்த ஊசியால் பயன் எதிர்பார்க்க முடியாது.

அறுவை சிகிச்சை செய்துகொண்டால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடுமா?

எதற்காகச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மூன்றாவது கேள்வியின் அவசர நிலைக்கும், கூடிக்கொண்டே போகும் பலவீனத்துக்கும் தயங்கவே கூடாது. டிஸ்க் பிதுக்கத்தால் காலில் கடும் வலி ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் அறுவை சிகிச்சை ஒரு நல்ல தெரிவு. 2007இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் செய்த ஆய்வில், உடனே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் கால்வலி வேகமாகக் குறைந்தது. மற்றவர்கள் காத்திருந்தார்கள்; அவர்களிலும் 39 விழுக்காட்டினர் பின்னர் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஓராண்டு முடிவில் இரு குழுவிலும் 95 விழுக்காட்டினர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். ஆக, விரைவான நிவாரணமா, அறுவையின்றித் தேறும் வாய்ப்பா என்பது நோயாளி தன் வேலையையும் குடும்பத்தையும் எண்ணி எடுக்க வேண்டிய முடிவு. இரண்டும் நியாயமானவை.

முதுகில் மட்டும் வலி, ஸ்கேனில் தேய்மானம் மட்டும் என்றால் கதை வேறு. எலும்புகளைத் திருகாணி வைத்து இணைக்கும் அறுவைக்கு அங்கே ஆதாரம் பலவீனம். கையெழுத்திடுவதற்கு முன் இரண்டாவது மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அப்படிக் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது.

நான் ஒரு சிகிச்சைக்குப் போனேன், இரண்டே வாரத்தில் குணமானது. அது வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வேலை செய்திருக்கலாம். ஆனால் மனிதர்கள் சிகிச்சைக்குப் போவது வலி உச்சத்தில் இருக்கும்போது. இரண்டாவது பதிலில் சொன்னபடி, உச்சத்துக்குப் பின் அது பெரும்பாலும் தானாகவே இறங்கும். அந்த வாரம் எதைச் செய்திருந்தாலும் பெருமை அதற்கே போயிருக்கும். ஒரே மாதிரியான இரு குழுவினருக்கு ஒன்றைக் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான். உங்களுக்கு நிவாரணம் கிடைத்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி; அதே சிகிச்சைக்காக இன்னொருவரைக் கடன் வாங்கவைக்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

ஒரு வருடமாக வலி. 'எல்லாம் உங்கள் மனதில்தான்' என்கிறார்கள். நான் நடிக்கிறேனா?

நடிக்கவில்லை. உங்கள் வலி முழுக்க உண்மையானது. வலி எப்போதுமே நரம்பு மண்டலமும் மூளையும் சேர்ந்து உருவாக்கும் உணர்வு. விரலில் முள் குத்தினாலும் அப்படித்தான். நாட்பட்டுப் போகும்போது அந்த அமைப்பு எளிதில் தூண்டப்படுவதாக மாறிவிடுகிறது. தூக்கமின்மை, மனச்சோர்வு, வேலையிடத்து நெருக்கடி, 'இனி இப்படித்தான்' என்ற அச்சம் எல்லாம் அதன் ஒலியைக் கூட்டுகின்றன. புகைபிடிப்பதும் உடல் பருமனும் வலியோடு தொடர்புடையவை.

அதனால்தான் முன்பு சொன்ன உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் உடற்பயிற்சியோடு, வலியைப் பற்றிய விளக்கத்தையும் எண்ணங்களையும் நடத்தையையும் சீராக்கும் உளவியல் சிகிச்சையையும் பரிந்துரைக்கிறது. மனநல ஆலோசகரிடம் அனுப்பினால் உங்களை நம்பவில்லை என்று எண்ணாதீர்கள். வலி முற்றிலும் போகும் வரை வாழ்க்கையை நிறுத்திவைக்காமல், விட்டுப்போன ஒரு வேலையை முதலில் மீட்டெடுங்கள்: மாடி ஏறுவதோ, பேரனோடு விளையாடுவதோ. பலருக்கு வலி அதற்குப் பிறகுதான் பின்வாங்கத் தொடங்குகிறது.

சரியாகிவிட்டது. ஆனால் மறுபடி மறுபடி வருகிறதே, தடுக்க வழியே இல்லையா?

திரும்பி வருவது இந்த வலியின் இயல்பு. திரும்பியதாலேயே புதிய சேதம் என்று எண்ண வேண்டாம். 2024இல் ஆஸ்திரேலியாவில், முதுகுவலியிலிருந்து அப்போதுதான் மீண்ட 701 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழுவுக்குப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலோடு நடைப்பயிற்சித் திட்டம். ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் என்ற அளவை நோக்கிப் படிப்படியாக. மற்றக் குழுவுக்கு எதுவும் இல்லை. நடந்தவர்களுக்கு வலி திரும்ப எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம், அதாவது அவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பிவிட ஆன காலம், 208 நாள். நடக்காதவர்களுக்கு 112 நாள்.

மறுபடி பிடித்துக்கொண்டால்: அபாய அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒத்தடம், இரண்டு மூன்று நாளுக்குக் குறைத்த வேலை, குறைத்த தூரத்துக்கு நடை. புதிய ஸ்கேன் தேவையில்லை. நடையை முழுவதுமாக நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்குவது கடினம். ஐந்து நிமிடமானாலும் விட்டுவிடாதீர்கள்.